மரத்தைப் புழுவுக்கு விட்டுக்கொடுத்த ஃபாபர்

பிரான்சு நாட்டின் தென்பகுதியிலே, சேன் லெயோன் என்னும் மலைச் சிற்றூரில், 1823-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ழான் ஹென்றி ஃபாபர். படிக்க வேண்டிய வயதில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். எனினும் போட்டித் தேர்வு எழுதி, உதவித்தொகை பெற்று, பதினெட்டாம் வயதிலேயே ஆசிரியரானார். சம்பளம் மிகச் சொற்பம். ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளோடுதான்.

அவர் அவிஞ்ஞோன் நகரில் கற்பித்து வந்தபோது, 1865-இல், லூயி பாஸ்டர் அவரைத் தேடி வந்தார். கொள்ளை நோயால் மடிந்துகொண்டிருந்த பட்டுப்புழுக்களைக் காக்கும் பொறுப்பு பாஸ்டரிடம் விடப்பட்டிருந்தது. அவரோ பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தாராம்! கூட்டுப்புழுவைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னவர் ஃபாபர்.

ஃபாபரின் வரலாற்றில் என் மனத்தைத் தைத்த பகுதி இனித்தான். மாலை நேர இலவச வகுப்புகளில் இளம்பெண்களுக்கும் அவர் அறிவியல் கற்பித்தார். மகரந்தம் சேர்ந்து பூ காயாகும் விதத்தை அவர்களுக்கு விளக்கியது பெருங்குற்றமாகிவிட்டது. குருக்கள் சிலரும் கண்டித்தனர். நம் மலரிலே இதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்தில் வெளியேறச் சொன்னார்கள். வேலையும் போயிற்று. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்து உதவியிராவிட்டால் குடும்பம் தெருவில் நின்றிருக்கும். இன்று நாம் அச்சமின்றிப் படித்துத் தேர்வெழுதும் பாடத்திற்காக, 1870-இல் ஒருவர் பட்ட பாடு இது.

பின்னர்ப் பாடநூல்கள் எழுதிப் பிழைத்தார். பூச்சி ஆராய்ச்சியில் துணை நின்ற மகன் ஜூல் 1877-இல், பதினாறாம் வயதில், இறந்தான். தான் புதிதெனக் கண்ட குளவிகளுக்கு அவன் பெயரையே சூட்டினார் தந்தை.

1879-இல் செரிஞான் ஊரில் கல்லும் முள்ளுமான தரிசு நிலம் ஒன்றை வாங்கிக் குடியேறினார். வாசலில் நின்ற பைன் மரங்களில் ஆண்டுதோறும் கம்பளிப்புழுக்கள் பட்டுக்கூடு கட்டி, இரவில் வெளிவந்து ஊசியிலைகளைத் தின்றன. நம் கோம்பைப் பக்கத்து முருங்கையை நினைத்துக்கொள்ளுங்கள் தோழியரே! பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்தாற்போல் அப்பிக்கிடந்து, இரவில் மேலேறி மரத்தை மொட்டையாக்கும் புழுக்களைக் கண்டதும் நாம் தீப்பந்தம் அல்லவா தேடுகிறோம்? ஃபாபரும் முதலில் கூடுகளை அகற்றி வந்தவர்தாம். பிறகு, அவற்றின் வாழ்க்கையை அறிவதற்காகச் சில கிளைகளை அவற்றுக்கே விட்டுவிட்டார்.

இலையே செடிக்கு அடுப்பங்கரை. அது போனால் உணவு தயாராகாது. இருந்தும், இலையிழந்த பைன் ஒரே ஆண்டில் பெரும்பாலும் பட்டுப்போவதில்லை. மொட்டுகள் தப்புவதால் வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். ஆனால் வளர்ச்சி குன்றும். ஆண்டுதோறும் இப்படியே நடந்தால் மரம் நலிந்து, பட்டை துளைக்கும் வண்டுகளுக்கும் இரையாகும்.

முன்செல்லும் புழுவின் நூலைப் பற்றியே பின்செல்லும் புழு நடப்பதைக் கண்ட ஃபாபர், 1896 ஜனவரியில் ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் அவற்றை வட்டமாக நடக்கவிட்டார். உணவு அருகிலேயே இருந்தும், ஏழு நாட்கள், சுமார் 335 சுற்றுகள் சுற்றின!

முட்டைக்கோசுப் புழுக்களையும் ஆராய்ந்தார். அவை கடுகு இனச் செடிகளையே உண்பதையும், சிறு குளவியின் குஞ்சுகள் அப்புழுவின் உடலுக்குள் வளர்ந்து, வெளிவந்து, மஞ்சள் கூடுகள் கட்டுவதையும் எழுதினார். புழு கடித்ததும் முட்டைக்கோசு இலை ஒருவித மணம் வீசி அக்குளவியை அழைக்கிறது என்பதை விஞ்ஞானிகள் 1990-களில் கண்டறிந்தனர். செடி வாய்மூடி நிற்கும் ஊமையன்று!

இவ்வளவையும் அவர் கண்டது பெரும்பாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் கொண்டுதான். 1907 வரை பத்துத் தொகுதிகள் எழுதி, 1915 அக்டோபர் 11-இல், 91-ஆம் வயதில் மறைந்தார். அவர் வீடும் தோட்டமும் 1922-இல் பிரெஞ்சு அரசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.