பழைய போர்ஷே ஏசிக்குள் ஒரு மனிதரின் கதை: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் சத்தத்தைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்து, ஏசி பற்றிய புலம்பலில் முடிப்பார்கள். 1970, 80களில் வந்த அந்த கார்களில் ஏசி இருக்கும், ஸ்விட்சும் வேலை செய்யும், காற்றும் வரும். குளிர் மட்டும் வராது. கேஸ் நிரப்பலாம் என்று போனால், அந்த கேஸை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

அந்த கேஸின் பெயர் ஆர்-12. கடையில் ஃப்ரீயான் என்றால் பலருக்கும் தெரியும். அதை உருவாக்கியவர் தாமஸ் மிட்ஜ்லி ஜூனியர், அமெரிக்கர். ஃப்ரீயானுக்கு முன்பே பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தவரும் இவரேதான். இன்ஸ்டாகிராமில் அடிக்கடி சுற்றும் ‘உலகத்துக்கே அதிகம் கெடுதல் செய்த மனிதர்’ வகை ரீல்ஸில் இவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். ரீல்ஸ் இரண்டு கண்டுபிடிப்பையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்று பார்க்கலாம்.

மிட்ஜ்லி பிறந்தது 1889 மே 18, பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில். வளர்ந்தது ஒஹையோவில். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர், டயர் ஏரியாவில் வேலை பார்த்தவர். 1911இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார். கவனியுங்கள், வேதியியல் இல்லை. பின்னாளில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவராகவே ஆன இவர், வேதியியலை வேலையில்தான் கற்றுக்கொண்டார்.

1916இல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கிடம் சேர்ந்தார். காரை கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் கஷ்டத்துக்கு முடிவு கட்டி, செல்ஃப் ஸ்டார்ட்டர் கொண்டுவந்த அதே கெட்டரிங். கொஞ்ச காலத்தில் அந்த ஆய்வுக்கூடம் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது.

மிட்ஜ்லிக்குக் கிடைத்த வேலை, இன்ஜின் ‘நாக்’. மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் வருமே, அதுதான். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரிந்து பரவாமல், அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடிப்பதால் வருவது. பவர் குறையும், நாளடைவில் பிஸ்டனும் காலி.

மிட்ஜ்லியின் முதல் ஐடியா கொஞ்சம் வேடிக்கையானது. பெட்ரோலுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தால் அது வெப்பத்தை நன்றாக உறிஞ்சி, சீக்கிரம் ஆவியாகும், சரியாக எரியும் என்று நினைத்தார். கையில் சிவப்புச் சாயம் இல்லாததால் அயோடினை ஊற்றினார். நாக் நின்றுவிட்டது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களை ஊற்றிப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் நிறமே இல்லை, அயோடின்தான். ஆனால் அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். அடுத்த சில வருடங்கள் தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்றார்கள். டெல்லூரியம் வேலை செய்தது. ஆனால் அதன் பூண்டு நாற்றம் உடம்பில் ஒட்டிக்கொண்டால் குளித்தாலும் போகாது.

1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தை முயன்றார்கள். பெட்ரோலில் சிறு துளி அளவு போதும், நாக் இல்லை. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனைக்கே வந்துவிட்டது. பெயர் ‘எத்தில்’. பிராண்டில் ஈயம் என்ற சொல் எங்கும் இல்லை.

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதிய செய்தி இல்லை. மிட்ஜ்லிக்கே ஈய விஷம் ஏறி, 1923இன் தொடக்கத்தில் வேலையை விட்டு ஃப்ளோரிடா போய் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. மாற்று இல்லாமலும் இல்லை. பெட்ரோலில் எத்தனால் கலந்தாலும் நாக் குறையும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். (இன்று நம் பங்குகளில் பார்க்கும் இ-20 பெட்ரோலில் இருப்பதும் அதே எத்தனால்தான்.) ஆனால் எத்தனாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயத்தைப் போல காப்புரிமை வைத்துக் காசு பார்க்க முடியாது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்த ஈயச் சேர்மம் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. இல்லாததைப் பார்த்துக் கத்தினார்கள், சிலரைக் கட்டிப்போட்டுத்தான் அழைத்துப் போக முடிந்தது. 5 பேர் இறந்தார்கள், 30க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த மாதம் 30ஆம் தேதி மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூப்பிட்டார். அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்தார், ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னார். ஃப்ளோரிடா ஓய்வு முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

1925இல் விற்பனை சில மாதங்கள் நின்றது. ஒரு நிபுணர் குழு ஆராய்ந்து, தடை போடக் காரணம் இல்லை என்றது. 1926இல் மறுபடி பங்குக்கு வந்த ஈய பெட்ரோல், அடுத்த பல தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. இந்தியா முழுக்க அது நின்றது 2000இல். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

மூன்று நாள் வேலை

ஃப்ரீயான் கதை வேறு மாதிரி. 1920களின் ஃப்ரிட்ஜ்களில் ஓடிய வாயுக்கள் அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றும் விஷம், சில தீயும் பிடிக்கும். இரவில் கேஸ் கசிந்தால் வீட்டோடு ஆள் போக வாய்ப்பு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸிடம் ஃப்ரிஜிடேர் என்ற ஃப்ரிட்ஜ் கம்பெனி இருந்தது. விஷமில்லாத, எரியாத ஒரு கேஸ் வேண்டும் என்று 1928இல் கெட்டரிங் மீண்டும் மிட்ஜ்லியிடம் வந்தார்.

மிட்ஜ்லி, ஆல்பர்ட் ஹென்னே, ராபர்ட் மெக்னரி மூவரும் உட்கார்ந்தார்கள். மறுபடி தனிம அட்டவணைதான். ஃப்ளோரின் பக்கம் கை போனது. அன்றைக்கு ஃப்ளோரின் என்றாலே ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றே நாளில் டைகுளோரோடைஃப்ளூரோமீத்தேன் என்ற சேர்மம் தயார். அதுதான் ஆர்-12.

அதிலும் ஒரு அதிர்ஷ்டம். அதைத் தயாரிக்க ஆன்டிமனி ட்ரைஃப்ளூரைடு தேவை. கையில் இருந்தது ஐந்து சின்ன பாட்டில். சும்மா ஒன்றை எடுத்து கேஸ் செய்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கினிப்பன்றியோடு விட்டார்கள். அது ஒன்றும் ஆகாமல் ஓடியாடியது. அடுத்த பாட்டிலில் செய்த கேஸில் கினிப்பன்றி செத்துவிட்டது. பார்த்தால், மற்ற பாட்டில்களில் கலப்படம். அதனால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷ வாயு உருவாகியிருந்தது. முதலில் கைக்கு வந்தது மட்டும்தான் சுத்தமான பாட்டில். வேறொன்றை எடுத்திருந்தால், இந்தக் கேஸ் சரிப்படாது என்று அன்றே விட்டிருப்பார்கள்.

1930 ஏப்ரலில் அட்லான்டாவில் நடந்த வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி இன்னொரு ஷோ காட்டினார். ஃப்ரீயானை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் மெதுவாக ஊதினார். சுடர் அணைந்தது. விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று ஒரே மூச்சில் காட்டிவிட்டார். 1924 ஷோவைப் போல இதில் பொய் இல்லை.

அந்த கேஸ் காருக்குள் வர இன்னும் 9 வருடம் ஆனது. 1939 இறுதியில் பேக்கார்டு கம்பெனி ஏசி வைத்த காரைக் காட்டியது. டிக்கியில் பாதியை ஏசியே அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. குளிர்காலம் வந்தால் பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

1940இல், 51 வயதில், மிட்ஜ்லிக்குப் போலியோ வந்தது. படுக்கையிலிருந்து தன்னைத் தூக்கி உட்கார வைக்கக் கயிறும் கப்பியும் கொண்ட ஓர் அமைப்பைத் தானே வடிவமைத்தார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிற்றில் கழுத்து இறுகி இறந்துகிடந்தார். விபத்தா, தற்கொலையா என்ற பேச்சு இன்றும் உண்டு. 100க்கும் மேற்பட்ட காப்புரிமைகள், வேதியியலின் பெரிய பதக்கங்கள் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. ஓசோன் என்ற சொல்லோடு அவரை அன்று யாரும் சேர்த்துப் பேசவில்லை.

குணமே குற்றமானது

ஃப்ரீயானின் பெரிய பிளஸ், அது எதோடும் வினை புரியாது என்பது. அதுவே சிக்கல். கீழே எதிலும் சிதையாததால் மெல்ல மெல்ல ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை போகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. அந்த குளோரின் ஓசோனைத் தின்கிறது. மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இதைச் சொன்னது 1974இல். அண்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை பற்றிய ஆய்வு வெளிவந்தது 1985இல். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். வளர்ந்த நாடுகளில் 1995 முடிவோடும், மற்ற நாடுகளில் 2010இலும் ஆர்-12 தயாரிப்புக்கு முற்றுப்புள்ளி.

ஆக, ஈயத்தில் தெரிந்தே மறைத்தார். ஃப்ரீயானில், அவர் இறந்து 30 வருடம் கழித்துத்தான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. முதலாவதுக்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். இரண்டாவதுக்கும் சேர்த்து ஏற்றுவது, என் பார்வையில், நியாயமில்லை.

சரி, நம்ம போர்ஷேவுக்கு வருவோம். ஆர்-12க்குப் பதிலாக வந்தது ஆர்-134ஏ. இதில் குளோரின் கிடையாது, ஓசோனுக்கு ஆபத்தில்லை. அப்போ பழசை எடுத்துவிட்டு இதை அடித்தால் முடிந்ததா? இல்லை.

முதல் பிரச்சினை ஆயில். ஆர்-12 ஓடிய ஏசியில் மினரல் ஆயில் இருக்கும். ஆர்-134ஏ அதோடு கலக்காது. கலக்காவிட்டால் ஆயில் கம்ப்ரஸருக்குத் திரும்ப வராது, கம்ப்ரஸர் வறண்டு ஜாம் ஆகும். அதனால் பழைய ஆயிலை அலசி எடுத்துவிட்டு எஸ்டர் அல்லது பிஏஜி ஆயில் ஊற்ற வேண்டும். ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்தது ஹோஸ். 911இல் இன்ஜினும் கம்ப்ரஸரும் பின்னால், கேபினைக் குளிர்விக்கும் எவாபரேட்டர் முன்னால். கேஸ் காரின் முழு நீளத்துக்கும் ரப்பர் ஹோஸில் போய் வர வேண்டும். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் வழியாகவே கசியும். உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஹோஸ் போட்டால்தான் கேஸ் நிற்கும்.

பெரிய தலைவலி கண்டன்சர். பழைய 911இல் ஒரு கண்டன்சர் பின்பக்க இன்ஜின் மூடியில், சுடச்சுட இருக்கும் ஏர்கூல்டு இன்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது. வண்டி சிக்னலில் நின்றால் அது எப்படிச் சூட்டை வெளியே தள்ளும்? வெயிலில் ஆர்-134ஏயின் அழுத்தம் ஆர்-12ஐ விட அதிகம் என்பதால் நிலைமை இன்னும் மோசம். கேஸை மட்டும் மாற்றியவர்கள் முன்பைவிடக் குளிர் குறைவு என்று புலம்புவது இதனால்தான். பழைய கண்டன்சருக்குப் பதில் பேரலல் ஃப்ளோ கண்டன்சர், அதோடு பின்சக்கர வளைவுக்குள் தனி ஃபேனுடன் இன்னொரு கண்டன்சர், கனமான பழைய கம்ப்ரஸருக்குப் பதில் சின்ன ரோட்டரி வகை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பழைய கார் என்பதால் பட்டன், வென்ட் எதையும் வெளியில் தெரிகிற மாதிரி மாற்ற மனசும் வராது.

சில பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் மிட்ஜ்லியின் இன்னொரு மிச்சமும் உண்டு. எம்ஜிபி போன்ற கார்களின் எக்ஸாஸ்ட் வால்வ் சீட், ஈய பெட்ரோலின் படிவத்தை மெத்தையாக நம்பியே வடிவமைக்கப்பட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் ஓட்டினால் சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் போட வேண்டும்.

ஆர்-134ஏயும் நிரந்தரம் இல்லை. ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டையாக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. அதனால் ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை, பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப்தான். பழைய கார்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பதால் 911 ஓனர்கள் இன்னும் ஆர்-134ஏயோடு இருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி கேஸ் மாற்றினால், பழைய கேஸ் தவறுதலாகக்கூட உள்ளே போகாதபடி நிரப்பும் வாயின் அளவை மாற்ற வேண்டும். எந்த கேஸ், எந்த ஆயில், என்று மாற்றியது என்று ஒரு லேபிளும் மூடிக்கு அடியில் ஒட்ட வேண்டும்.