நோரிச் ஜூலியன் அம்மையார்: ஏதிலியர் காத்த ஏடு

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நோரிச் நகரில், 1373ஆம் ஆண்டு மே மாதத்தில், முப்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் மரணப் படுக்கையிற் கிடந்தார். அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிருந்தது, பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் அழைக்கப்பட்ட குருவானவர் ஒரு பாடுபட்ட சுரூபத்தை அவருடைய கண்முன்னே பிடித்தார். அக்கணத்திலிருந்து மறுநாள் இரவு முடிவதற்குள் பதினாறு காட்சிகளைக் கண்டதாக அவர் பின்னர் எழுதினார். அவர் பிழைத்தெழுந்தார். அக்காட்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூலே, ஆங்கில மொழியில் ஒரு பெண் எழுதியதாக நாம் அறியும் நூல்களுள் முதலாவதாகும்.

அவருடைய இயற்பெயர் தெரியாது. நோரிச்சில் புனித ஜூலியன் ஆலயத்தின் சுவரோடு ஒட்டிய சிற்றறையில் வாழ்ந்தமையால் ஆலயத்தின் பெயரே அவருக்கும் ஆயிற்று என்பர். ஊர்ப் பெயராலேயே அறியப்படும் காரைக்கால் அம்மையாரை அறிந்த எமக்கு இதில் வியப்பில்லை.

அவர் வாழ்ந்த காலம் கொடியது. 1349இல் கறுப்புக் கொள்ளைநோய் நோரிச்சை அடைந்தபோது அவருக்கு வயது ஆறு. நகரத்தவரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் மாண்டனர் எனக் கணிக்கப்படுகிறது. 1361இலும் 1369இலும் நோய் மீண்டும் வந்தது. பிரான்சுடனான போர் அவர் பிறக்குமுன்னரே தொடங்கி அவர் இறந்த பின்னும் ஓயவில்லை. 1381இல் வரிச்சுமை தாங்காத குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். நோரிச்சின் ஆயர் டெஸ்பென்சரே வாளேந்திச் சென்று அவர்களை ஒடுக்கினார். எரிந்த ஊர்களையும் கணக்கில்லாப் புதைகுழிகளையும் கண்ட ஒரு நகரத்தில் இருந்துகொண்டே, இறைவனிடத்திற் சினம் இல்லை என்று இப்பெண்மணி எழுதினார் என்பதை வாசகர்கள் மனங்கொள்ளல் வேண்டும். எமது கட்டுரையின் காரணமே அதுதான்.

அக்கால மேலைநாட்டுத் திருச்சபையில் அடைபட்ட துறவு என்று ஒரு முறை இருந்தது. அத்துறவை ஏற்பவர் ஆலயத்தை ஒட்டிய அறையினுட் புகுந்து இறக்கும்வரை வெளிவருவதில்லை. அறையினுட் செல்லும்போது இறந்தோருக்குரிய மன்றாட்டுக்கள் ஓதப்படுவதும் உண்டு. ஒரு சாளரம் ஆலயத்தின் உட்புறம் திறக்கும். மற்றொன்றின் வழியே பணிப்பெண் உணவு கொடுப்பார். வேறொன்று வெளியார் வந்து பேசுவதற்கு. 1394 முதல் 1416 வரை எழுதப்பட்ட மரணசாசனங்கள் சிலவற்றில் அம்மையாருக்குச் சிறு தொகைகள் விடப்பட்டுள்ளன. சேரா, அலிஸ் என்னும் பணிப்பெண்களின் பெயரையும் அவற்றாலேயே அறிகிறோம். இக்காலத்தில் அவரை ஒரு பூனையோடு சேர்த்தே ஓவியர்கள் வரைகின்றனர். அடைபட்ட துறவியருக்கான பழைய விதிநூல் ஒன்று பூனையை மட்டும் வைத்திருக்க அனுமதித்தது. அதற்கு மேல் இதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

அறையுள் அடைந்தவர் உலகைத் துறந்துவிட்டார் என எண்ணுதல் தவறு. 1413ஆம் ஆண்டளவில் லின் நகரத்து மார்ஜரி கெம்ப் என்னும் பெண், தன் உள்ளத்து ஐயங்களைச் சொல்லி ஆறுதல் பெற அவரிடம் வந்தார். பல நாட்கள் பேசிச் சென்றார். நாம் வாழும் கிளென் வேவர்லியிலும் வீட்டைவிட்டு அதிகம் வெளிச்செல்லாத மூதாட்டியர் சிலர் உளர். வதிவிட அனுமதி கிடைக்காதோர், ஊரிலே பிள்ளையைப் பறிகொடுத்தோர் எனப் பலருடைய கண்ணீரும் தொலைபேசி வழியே அவர்களைத்தான் வந்தடைகிறது. அம்மையாரின் தெருச்சாளரத்தை அவர்களைக் கொண்டே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

காட்சிகளைக் கண்ட பின் அவர் முதலில் ஒரு சுருக்கமான நூலை எழுதினார். அதனோடு நிறைவடையவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவற்றையே சிந்தித்து விரிவான நூலொன்றை எழுதினார். அதில் வரும் உவமை ஒன்று: ஆண்டான் ஒருவன் தன் பணியாளனை ஓர் அலுவலாக அனுப்புகிறான். பணியாளனோ அன்பின் மிகுதியால் விரைந்தோடிப் பள்ளத்தில் வீழ்ந்து எழமுடியாது தவிக்கிறான். ஆண்டான் அவனிற் குற்றம் காணவில்லை, இரக்கத்தோடு பார்க்கிறான். ஆதாமின் வீழ்ச்சியைத் தண்டனைக்குரிய கலகமாகவே கற்பித்துவந்த உலகில், அதை அன்பினால் ஓடி வீழ்ந்தவனின் விபத்தாக நோக்கியது துணிவான சிந்தனை.

இறைவனைத் தாயெனக் கண்டமை அவருடைய மற்றொரு கொடை. அவருக்கு முன்னரும் அன்செல்ம், பெர்னார்ட் முதலிய துறவியர் அவ்வாறு பேசியதுண்டு. ஆயினும் அவர்களிடம் உருவகமாக இருந்தது இவரிடம் கோட்பாடாயிற்று. பெற்று, பாலூட்டி, வீழ்ந்தால் தூக்கியெடுக்கும் தாய்மை கிறிஸ்துவின் இயல்பே என்றார். காவிரி பெருகித் தாய் வரமுடியாத வேளையில், பேறுகாலத்துப் பெண்ணுக்குத் தாயுருவில் வந்து துணைநின்ற சிராப்பள்ளித் தாயுமானவரை வழிபடும் சைவர்களுக்கு இது அந்நியமான கருத்தன்று. மேலைத் திருச்சபைக்கோ இதனை முழுமையாகச் செவிமடுக்க ஆறு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

எல்லாம் இறுதியில் நலமாகவே முடியும் என்னும் அவருடைய உறுதிமொழி இன்று வாழ்த்து அட்டைகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் அச்சிடப்படுகிறது. இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்பது எமது கருத்து. அவர் இதனை இலகுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. இத்தனை கேடு விளைந்த பின்னர் எவ்வாறு நலமாகும் என்று காட்சியினூடேயே இறைவனிடம் வழக்காடினார். பாவத்தைத் தொடக்கத்திலேயே ஏன் தடுக்கவில்லை என்றும் கேட்டார். அவருக்கு முழு விடை கிடைக்கவில்லை. இறுதி நாளில் இறைவன் ஆற்றவிருக்கும் ஒரு செயல் மறைவாகவே உள்ளது என்பதோடு அவர் நின்றுவிடுகிறார். நரகம் பற்றிய திருச்சபையின் போதனையையும் மறுக்காது, தாம் கண்டதையும் கைவிடாது, இரண்டுக்கும் இடையே உள்ள முரணை மூடிமறைக்காது விட்டார். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயின் முன்னே நின்று எல்லாம் நலமாகும் என்று சொல்ல எமக்கு நா எழாது. ஆனால் அதே கேள்வியை இறைவனிடமே கேட்ட ஒருத்தி இருந்தாள் என்று சொல்லலாம்.

1401இல் மதபேதம் பேசுவோரை உயிரோடு எரிப்பதற்கு இங்கிலாந்தில் சட்டம் வந்தது. பெண் ஒருவர் மக்கள் மொழியில் இறையியல் எழுதுவது ஆபத்தாயிற்று. அவர் நூல் அதிகம் பரவாமைக்கு இதுவும் காரணமாகலாம்.

அந்நூல் எம்மிடம் வந்து சேர்ந்த வரலாறுதான் ஏதிலியராகிய எம்மை நெருக்கமாகத் தொடுவது. எட்டாம் ஹென்றி மன்னன் துறவுமடங்களை மூடிய பின், கத்தோலிக்கராக வாழ விரும்பிய ஆங்கிலக் குடும்பத்துப் பெண்கள் கடல்கடந்து சென்று மடங்களை அமைத்தனர். அவற்றுள் ஒன்று 1623இல் கம்பிரே நகரில் எழுந்தது. அதன் கிளை 1651இல் பாரிசில் அமைந்தது. தாய்நாடு திரும்ப வழியற்றிருந்த இக்கன்னியர் ஜூலியனின் நூலை வாசித்தனர், கையாற் பிரதி செய்தனர், போற்றிக் காத்தனர். அவர்களோடு தொடர்புடைய செரினஸ் கிரெசி என்னும் துறவியே 1670இல் அதனை முதன்முதலாக அச்சேற்றினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், கம்பிரேக் கன்னியர் சிறைப்பட்டனர். சிரச்சேதம் செய்யப்பட்ட கார்மேல் சபைக் கன்னியர் விட்டுச்சென்ற உடைகளை அணிந்தவாறே அவர்கள் 1795இல் இங்கிலாந்து திரும்பினர். யாழ் பொது நூலகத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து போனதை அறிந்த எமக்கு, ஒரு கைப்பிரதி பிழைப்பதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

1901இல் கிரேஸ் வாரக் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண்மணி இந்நூலை இக்கால வாசகருக்கேற்பப் பதிப்பித்தார். அதன் பின்னரே அம்மையாரின் செல்வாக்கு பரவலாயிற்று. ரி. எஸ். எலியட் 1942இல் வெளியிட்ட தமது நெடுங்கவிதையில் அவருடைய சொற்களை எடுத்தாண்டார். அதே ஆண்டு ஜேர்மன் குண்டுவீச்சில் நோரிச் ஆலயம் தகர்ந்தது. 1953இல் மீளக் கட்டப்பட்டது. தோமஸ் மேர்ட்டன் ஆங்கில இறையியலாளருள் அவரையும் கர்தினால் நியூமனையும் முதல்வரிசையில் வைத்தார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தீமையைப் பற்றிப் பேசுமிடத்தில் அவரைச் சான்று காட்டுகிறது. 2010இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் தமது உரையொன்றை முழுவதும் அவருக்கென ஒதுக்கினார். எனினும் உரோமைத் திருச்சபை அவரை முறைப்படி புனிதர் பட்டியலிற் சேர்க்கவில்லை. அங்கிலிக்கன் திருச்சபை மே 8ஆம் நாளில் அவரை நினைவுகூருகிறது.

அவர் தம் கையால் எழுதிய ஏடு எங்கும் இல்லை. விரிவான நூலின் பழைய பிரதிகளுட் சில இலண்டனில் உள்ளன. ஆனால் அவற்றுள் முதன்மையாகக் கருதப்படும் ஒன்று இங்கிலாந்துக்குத் திரும்பவேயில்லை. இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்திலேயே இருக்கிறது.