ஹோனஸ் வாக்னர்

நம் மாணவர் கிறிக்கெற்றையே நன்கறிவர். அமெரிக்கரின் பேஸ்போலை அறிந்தார் சிலரே. அதில் நாற்கோணமாய் அமைந்த நான்கு தளங்களுள் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நிற்பவர் 'ஷோட்ஸ்ரொப்' எனப்படுவார். வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் வேகப்பந்துகளிற் பல அவரை நோக்கியே வரும். எடுத்த பந்தை நெடுந்தூரம் எறிந்து, ஓடுபவர் முதலாந் தளத்தை எட்டுமுன் சேர்ப்பித்தல் வேண்டும். அவ்விடத்தில் நின்றோருள் தலைசிறந்தவரெனப் பலராலும் போற்றப்படுபவர் ஹோனஸ் வாக்னர்.

பென்சில்வேனியா மாநிலத்திலே, பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில், ஜேர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1874இல் அவர் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிற் பள்ளியை நீங்கி நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். தொழில்முறை ஆட்டக்காரரான தமையன் அல்பேட்டின் பரிந்துரையால் 1895இல் தாமும் அத்தொழிலிற் புகுந்தார். 1897இல் லூயிவில் அணியிலும், 1900 முதல் 1917 வரை பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணியிலும் ஆடினார்.

அகன்ற மார்பும், வளைந்த கால்களும், மண்வாரி போன்ற கைகளும் உடைய அவரைக் கண்டோர் விரைந்தோடக்கூடியவர் என எண்ணார். ஆயினும் தம் வாழ்நாளில் எழுநூற்றுக்கு மேற்பட்ட தளங்களைக் களவாடியவர் அவர். (களவாடுதல் என்பது அவ்வாட்டத்தின் வழக்கு, குற்றமன்று!) பந்தோடு மண்ணையுஞ் சேர்த்தள்ளி எறிவார் என்பர். பல இடங்களிலும் நின்று ஆடியபின், 29ஆம் வயதிலேயே ஷோட்ஸ்ரொப் இடம் அவருக்கு நிலைத்தது.

அவ்வாண்டே, 1903இல், முதலாவது உலகத் தொடர் நடைபெற்றது. மூன்றுக்கு ஒன்றென முன்னணியில் நின்ற பிற்ஸ்பேர்க், தொடர்ந்து நான்கு ஆட்டங்களைப் பொஸ்ரனிடம் இழந்தது. வாக்னர் ஆறு தவறுகள் செய்தார். அவருடைய அடித்தற் சராசரியோ.222. ஈற்றாட்டத்திற் கடைசியாக ஆட்டமிழந்தவரும் அவரே. காலிலே நோவிருந்தது உண்மை. ஆயினும் தோல்வியின் பழி பெரும்பாலும் அவர் தலையிலேயே விழுந்தது. நெருக்கடியில் நெஞ்சுறுதி அற்றவர் என்ற ஏச்சு ஆறாண்டுகள் அவரைத் தொடர்ந்தது. இத்தனைக்கும் அவ்வாறாண்டுகளில் ஐந்தில் தேசிய லீக்கின் அடித்தல் முதன்மையை அவரே பெற்றார்!

1909இல் மீண்டும் உலகத் தொடர் வாய்த்தது. எதிரணியான டெற்றொயிற்றின் பெருவீரர் ரை கொப்புக்கு அகவை 22, வாக்னருக்கு 35. ஏழு ஆட்டங்களில் வாக்னரின் சராசரி .333, கொப்பினது .231. வாக்னர் ஆறு தளங்களைக் களவாடினார். ஏழாம் ஆட்டத்தில் எட்டுக்குச் சுழியமென வென்று பிற்ஸ்பேர்க் வாகை சூடியது. ஏச்சும் அன்றோடு ஓய்ந்தது.

அக்காலத்திற் சிகரெட் பெட்டிகளில் ஆட்டக்காரர் படங்களை வைத்து விற்றனர். தம் படத்தை அவ்வாறு வெளியிட வாக்னர் இசையாமையால் சில படங்களே வெளிவந்தன. சிறுவர் புகையிலை வாங்குதலை அவர் விரும்பவில்லை என்பர் ஒருசாரார். பணமே காரணம் என்பர் மறுசாரார். அவரோ புகையிலையை அறவே வெறுத்தவரல்லர். எவ்வாறாயினும், அப்படங்களில் ஒன்று 2022இல் எழுபது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.

1936இல் பேஸ்போற் புகழ்மண்டபத்திற்கு முதன்முதல் தெரிவான ஐவருள் அவரும் ஒருவர். 1933 முதல் 1951 வரை பழைய அணியிலேயே பயிற்றுநராயிருந்து இளைஞரைப் பழக்கினார். 1955இல் பிற்ஸ்பேர்க்கிலே அவருக்குச் சிலை எடுத்தனர்; அவ்வாண்டு மார்கழி 6ஆம் நாள் அவர் காலமானார். அணி மைதானம் மாறியபோதெல்லாம் அச்சிலையையும் உடன்கொண்டு சென்றனர்.