மருந்து கேட்பது பிச்சையல்ல! – எலினார் ரூஸ்வெல்ட்



எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டு எழுதுகிறவர் முன்னால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகலை. வைத்தியம் என்பது தர்மமா, உரிமையா? இந்தக் கேள்வியோட லைப்ரரியில் தேடியபோது கிடைத்தவர்தான் எலினார் ரூஸ்வெல்ட்.

1884 அக்டோபர் 11-இல் நியூயார்க்கில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஆனா நோய்க்குப் பணக்காரன், ஏழை தெரியுமா? எட்டு வயதில் அம்மாவைத் தொண்டை அடைப்பான் நோய் கொண்டுபோனது. அடுத்த வருஷம் அதே நோய்க்குத் தம்பியும் பலி. 1894-இல் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

1905-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார். 1921-இல் கணவருக்கு இளம்பிள்ளைவாதம் என்றார்கள் டாக்டர்கள். இரண்டு காலும் செயலிழந்தன. பணிவிடை செய்து, அரசியலை விட்டுவிடாதபடி தைரியமும் கொடுத்தார் எலினார். அந்த மனிதர் 1933-இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்! எலினாரோ வெள்ளை மாளிகையில் அடைந்து கிடக்காமல் சுரங்கத் தொழிலாளர் குடிசைகளைத் தேடிப் போனார்.

1945-இல் கணவர் இறந்தார். அதன்பின் ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்குத் தலைவி ஆனார். நம் நாட்டு ஹன்சா மேத்தாவும் அதில் உறுப்பினர். உலக மனித உரிமைப் பிரகடனத்தை எலினார் ஒருவரே எழுதவில்லை. பல நாட்டவர் சேர்ந்து எழுதினார்கள். ஆனா எதிரும் புதிருமாக இருந்த நாடுகளை ஒரே மேஜையில் உட்காரவைத்த பொறுமை அவருடையது. 1948 டிசம்பர் 10-இல் பாரிஸில் ஓட்டெடுப்பு. ஆதரவு 48, நடுநிலை 8, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை!

அதன் 25-ஆவது பிரிவில் உணவு, உடை, வீட்டோடு மருத்துவமும் ஒவ்வொரு மனிதனின் உரிமையாக இடம் பிடித்தது. பிரகடனம் சட்டம் ஆகாதே! அதனால் 1966-இல் ஓர் உடன்படிக்கை வந்தது; அதன் 12-ஆவது பிரிவு உடல்நல உரிமையைத் தனியாகவே சொல்கிறது. 1979-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. எலினார் பிறந்த அமெரிக்காவோ 1977-இல் கையெழுத்துப் போட்டதோட சரி, இன்னும் உறுதி செய்யலை.

இதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. 1962 நவம்பர் 7-இல் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

நண்பர்களே, டிராயிங் ஷீட்டில் இருப்பது தானாக மெஷின் ஆகிடாது. ஒர்க்‌ஷாப்பில் நாமதான் செய்யணும். உரிமையும் அப்படித்தான். அடுத்த தடவை அப்பாவைக் கையைக் கட்டி நிற்க விடமாட்டேன். பக்கத்தில் நின்று நானே கேட்பேன், மரியாதையோட, ஆனா நிமிர்ந்து!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்