அலைகளை அளந்த ஆசிரியர்

மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் 5ஜி சேவைக்காக ஏலம் விட்ட அலைக்கற்றைகளுள் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. அதன் அலைநீளம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். இன்று விலைபேசப்படும் இத்தகைய நுண்ணலைகளை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் உருவாக்கி ஆராய்ந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-இல் வங்காளத்தில் பிறந்த போஸ், தாய்மொழிப் பள்ளியில் கல்வியைத் தொடங்கிக் கேம்பிரிட்ஜ் வரை சென்றார். 1885-இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஆங்கிலேயருக்கு ஓர் ஊதியம், இந்தியருக்குக் குறைந்த ஊதியம் என்ற பாகுபாட்டை ஏற்க மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். இறுதியில் அரசு இறங்கி வந்து, முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

முறையான ஆய்வுக்கூடம் இல்லாத நிலையில், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் உதவியுடன் கருவிகளைச் செய்தார். அலைநீளம் மின்சுற்றின் அளவை நெருங்கும்போது கம்பி வெறும் கம்பியாக இருப்பதில்லை; அதன் நீளமும் வடிவமும் சுற்றின் உறுப்புகளாகிவிடுகின்றன. ஆற்றல் கசியாமல் செல்ல உலோகக் குழாயும், அது வெளியில் எளிதாகப் பரவ விரிந்த வாயும் தேவை. அலைநடத்தி, கூம்பு அலைவாங்கி என்று இன்றைய மாணவர்கள் படிக்கும் இவ்விரண்டையும் போஸ் தம் கையால் ஆண்டவர். 1895-இல் கொல்கத்தாவில், சுவரைக் கடந்து சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

கண்டறிந்ததைக் காசாக்க அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால், கலீனா படிக உணர்கருவிக்கு மட்டும் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதிலும் பொருளீட்டவில்லை.

அறிவு பொதுச்சொத்து என்ற அவரது நிலைப்பாடு உயர்ந்தது. ஆனால், அறிவைப் பொருளாக்கும் தொழிற்சாலை இல்லாத நாட்டில், பொதுவில் வைத்ததன் பயனைப் பிறரே அறுவடை செய்வர் என்பது பொருளியல் பாடம். அந்தக் குறை தனிமனிதருடையதன்று, அடிமைப்பட்டிருந்த நாட்டினுடையது. 1917-இல் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தை நிறுவி, 1937-இல் மறையும்வரை அக்குறையைத் தம்மளவில் ஈடுசெய்ய முயன்றார்.

இன்று நாடு நம்முடையது. கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களிலிருந்து பொறியியல் பயிலச் செல்லும் மாணவர், இப்பாடத்தைச் சூத்திரமாக மட்டும் மனனம் செய்து தேர்வெழுதுவது போதாது. அலையைக் கையால் அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடமும், அவர்கள் வடிவமைத்ததை வாங்கும் தொழிலும் அவர்களுக்கு வேண்டும். அவற்றை அமைத்துத் தருவதே போஸுக்கு நாம் செலுத்த வேண்டிய நிலுவை.