படுக்கையறையில் பித்தளை உருக்கிய வாலிபர்

1829-ம் ஆண்டு மே மாதம். லண்டன் நகரில் லாம்பெத் என்ற பகுதியில் இருந்த பெரிய எந்திரத் தொழிற்சாலைக்கு, 20 வயது வாலிபர் ஒருவர் தன் தந்தையுடன் வந்தார். ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில் இருந்து கப்பல் ஏறி வந்திருந்தார்கள்.

தொழிற்சாலையின் முதலாளி ஹென்றி மாட்ஸ்லே. திருகு வெட்டும் லேத்தைத் துல்லியமாகச் செய்து காட்டிப் பெரும் புகழ் பெற்றவர். அவரிடம் வேலை பழக வேண்டும் என்பதே வாலிபரின் ஆசை. ஆனால், பணம் கட்டி வேலை பழக வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளால் தொல்லைப்பட்டவர் மாட்ஸ்லே. இனி அப்படி யாரையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதையே இவர்களிடமும் சொல்லிவிட்டார். இருந்தாலும், வந்தவர்களுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்.

கொதிகலன் அருகே ஒருவர் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால்கூடப் போதும், மகிழ்ச்சியோடு செய்வேன் என்றார் வாலிபர். மாட்ஸ்லேயின் மனம் இளகியது. நீ செய்த பொருள் ஏதாவது இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

அந்த வாலிபர்தான் ஜேம்ஸ் நாஸ்மித். பின்னாளில் நீராவிச் சம்மட்டி மூலம் உலகப் புகழ் பெற்றவர்.

அப்பாவின் பட்டறை

நாஸ்மித் 1808-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி எடின்பரோவில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் பெயர் பெற்ற ஓவியர். தூரிகை பிடித்த அந்தக் கை, உளியையும் அரத்தையும் பிடிக்கத் தயங்கவில்லை. வீட்டிலேயே ஒரு பட்டறை வைத்திருந்தார். அங்கே ஒரு லேத்தும் இருந்தது. பையன் அதில் பம்பரம் கடைந்தான். சின்னஞ்சிறு பித்தளைப் பீரங்கி செய்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அவனுக்கு ஏக மதிப்பு.

படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. 12 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால், கூடப் படித்த ஒரு பையனின் தந்தை இரும்பு வார்ப்படச்சாலை வைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் அங்கே போய் நிற்பான். மண்ணில் அச்சு எடுப்பது, இரும்பு உருக்குவது, எஃகுக்குப் பதம் ஏற்றுவது என எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தும் கையால் செய்தும் கற்றுக்கொண்டான்.

வயது பதினேழு ஆனதும் சொந்தமாக ஒரு சிறு நீராவி எந்திரம் செய்தார். அதன் சிலிண்டர் குறுக்களவு 1¾ அங்குலம்தான். அது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. அப்பாவின் ஓவிய வண்ணங்களை அரைத்துக் கொடுத்தது!

எந்திரத்துக்கு வேண்டிய பித்தளைப் பாகங்களை எங்கே வார்த்தார் தெரியுமா? தன் படுக்கையறையில்! கணப்பு அடுப்பே உலை ஆனது. கீழ் அறையில் தூங்கும் தந்தைக்குச் சத்தம் கேட்காதபடி, வார்ப்பு மண்ணைப் பக்குவமாக இடித்துக் கெட்டிப்படுத்தினார். நீராவி எந்திரம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று காட்டும் மாதிரிகளைச் செய்து, ஒன்று 10 பவுனுக்கு விற்றார். அந்தப் பணம் எடின்பரோ பல்கலைக்கழக வகுப்புகளுக்குக் கட்டணம் ஆயிற்று. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடும் நீராவி வண்டி ஒன்றையும் செய்து ஓட்டிக் காட்டினார்.

இந்த வீட்டுப் பட்டறையில் பிறந்த மாதிரி எந்திரத்தையும் வரைபடங்களையும்தான் மாட்ஸ்லே முன் கொண்டுபோய் வைத்தார். சிபாரிசுக் கடிதம் செய்ய முடியாததை அவை செய்தன. பயிற்சிக் காலமே தேவை இல்லை என்று சொல்லி, தம்முடைய சொந்தப் பட்டறையில் தமக்கே உதவியாளராக மாட்ஸ்லே அவரை வைத்துக்கொண்டார்.

வாரம் 10 ஷில்லிங்

சம்பளம் வாரத்துக்கு 10 ஷில்லிங். தந்தைக்குப் பாரமாக இருக்கக் கூடாது. இதற்குள்ளேயே வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

உணவு விடுதிச் சாப்பாடு கட்டுப்படி ஆகவில்லை. ஒரு சமையல் பாத்திரத்துக்குத் தாமே படம் வரைந்தார். தகரக் கொல்லர் ஒருவரிடம் கொடுத்துச் செய்து வாங்கினார். அதன் அடியில் ஒரு சிறு எண்ணெய் விளக்கு எரியும். காலையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் திரும்பும்போது சாப்பாடு தயார்! ஒரு வேளைச் செலவு ஐந்து பென்சுக்கும் குறைவு. பெரிய தொழிலதிபர் ஆன பிறகும் அந்தப் பாத்திரத்தை அவர் தூக்கி எறியவில்லை.

மாட்ஸ்லேயிடம் அவர் கற்ற முதல் பாடம் சமதளம். இரும்புத் தகட்டைச் சரியான சமதளமாக்க, சிவப்பு மை பூசிய அளவுத் தகட்டின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் மை ஒட்டும். அதை மட்டும் அரத்தால் எடுக்க வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும். பொறுமைதான் இதற்கு மூலதனம்.

ஒரு சமயம், ஒரு மாதிரி எந்திரத்துக்காக நூற்றுக்கணக்கான ஆறுமுக நட்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவினால் நாள் கணக்கில் ஆகும். நாஸ்மித் ஒரு சிறு லேத்தில் சுழலும் வெட்டுச் சக்கரத்தைப் பொருத்தினார். நட்டை ஆறில் ஒரு பங்காகத் திருப்பி நிறுத்த ஓர் ஏற்பாடு செய்தார். வேலை மளமளவென்று முடிந்தது.

நீராவிச் சம்மட்டி

1831-ல் மாட்ஸ்லே காலமானார். நாஸ்மித் ஊருக்குத் திரும்பினார். தமக்கு வேண்டிய எந்திரக் கருவிகளைத் தாமே செய்துகொண்டு, 1834-ல் மான்செஸ்டரில் தொழில் தொடங்கினார். வாடகைக்குப் பிடித்தது, ஒரு பழைய பஞ்சாலையின் மாடி. ஒருநாள் கனமான எந்திரப் பாகம் ஒன்று தரையைப் பிளந்துகொண்டு, கீழே இருந்த கண்ணாடி வெட்டும் கடைக்குள் இறங்கிவிட்டது! இனி இங்கே சரிப்படாது என்று, 1836-ல் பாட்ரிகிராப்ட் என்ற இடத்தில் கால்வாய்க் கரையில் சொந்தத் தொழிற்சாலை கட்டினார்.

1839-ல் 'கிரேட் பிரிட்டன்' என்ற பெரிய கப்பலுக்கு 30 அங்குலக் கனமுள்ள இரும்புத் தண்டு தேவைப்பட்டது. அதை அடித்து உருவாக்க எந்தப் பட்டறையாலும் முடியவில்லை. பழைய சம்மட்டிகள் கொஞ்ச உயரமே எழும்பும். இரும்பு பெரிதாக இருந்தால் விழும் தூரம் குறையும். பலமான அடி தேவைப்படும் இடத்தில்தான் அடி பலவீனமாக விழும்.

நவம்பர் 24-ந் தேதி நாஸ்மித் தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். மேலே ஒரு சிலிண்டர். அதன் பிஸ்டன் தண்டில் நேராகத் தொங்கும் கனத்த இரும்புக் கட்டி. நீராவி அதைத் தூக்கும். நீராவியை விட்டதும் அது விழும். அவ்வளவுதான்!

கப்பல்காரர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டதால் அந்தத் தண்டு தேவைப்படவில்லை. சம்மட்டி காகிதத்திலேயே நின்றது. 1842-ல் பிரான்சில் லெ குருசோ என்ற ஊருக்குப் போன நாஸ்மித் அசந்து போனார். அவர் மனதில் இருந்த சம்மட்டி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது! அவர் ஊரில் இல்லாதபோது வந்த பிரெஞ்சுக்காரர்கள் குறிப்பேட்டுப் படத்தைப் பார்த்திருந்தார்கள். தங்கள் என்ஜினீயர் பூர்தோன் தாமாகவே யோசித்துச் செய்தது என்பது அவர்கள் கட்சி. நாஸ்மித் ஊர் திரும்பியதும், அந்த ஆண்டு ஜூன் மாதமே காப்புரிமை வாங்கினார்.

அவருடைய சம்மட்டி பெரிய நங்கூரத்தையும் அடித்து உருவாக்கும். ஒயின் கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை, கிண்ணம் உடையாமல் தட்டவும் செய்யும். நாடு நாடாக ரயில்வே பட்டறைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் அது முழங்கியது.

ஒரு குறை

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 10 ஷில்லிங் சம்பளத்தில் தொடங்கிய நாஸ்மித், முதலாளி ஆனதும் தொழிற்சங்கத்துக்கு எதிரி ஆனார். ஏழு ஆண்டு வேலை பழகியவர்களையே சேர்க்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. அவர் மறுத்தார். வேலைநிறுத்தம் வந்தபோது ஸ்காட்லாந்தில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். தாமே இயங்கும் எந்திரங்களைப் பெருக்கி, தேர்ந்த தொழிலாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். ஒழுங்காக வேலை பழகாமலேயே தாம் முன்னேறியதால், அந்தப் பழக்கத்தின் அருமை அவருக்குத் தெரியாமல் போயிற்றோ என்னவோ!

மீண்டும் வீட்டுப் பட்டறை

48 வயதில், 1856-ம் ஆண்டின் இறுதியில், தொழிலை விட்டு விலகினார். கென்ட் பகுதியில் வீடு வாங்கி அதற்குச் 'சம்மட்டி வயல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். மனதுக்குப் பிடித்த கருவிகளுடன் வீட்டிலேயே ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொண்டார்.

இரவில் வானத்தைப் பார்ப்பது அவருக்கு நெடுநாள் பழக்கம். 20 அங்குலத் தொலைநோக்கியின் உலோகக் கண்ணாடியைத் தாமே வார்த்துத் தேய்த்து மெருகேற்றியிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி, ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, தொலைநோக்கி சுழலும் அச்சின் துளை வழியே கொண்டுவந்தார். இன்றைய மிகப் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றிலும் அந்த அமைப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. நிலவின் மலைகளையும் பள்ளங்களையும் பிளாஸ்டர் ஆப் பாரிசில் மாதிரியாகச் செய்து, படம் எடுத்து, கார்ப்பென்டர் என்பவருடன் சேர்ந்து 1874-ல் நிலவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

1890-ம் ஆண்டு மே 7-ந் தேதி நாஸ்மித் காலமானார். நிலவில் ஒரு பெரும் பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

அந்தப் பெயருக்கு முதல் படி, படுக்கையறை அடுப்பில் உருகிய ஒரு கைப்பிடிப் பித்தளை.