பிரித்துப் பார்த்துப் படித்த விவசாயி மகன்: ஜி.டி.நாயுடு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப்பாசன வயல்களை ஒட்டி இன்று கார், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் நிற்கின்றன. இந்தக் கார் ஆலைகள் வந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு வெகு காலம் முன்பே, பெரிய படிப்பு எதுவும் இல்லாத ஒரு விவசாயி மகன் தமிழ்நாட்டில் மோட்டாரும் காரும் செய்து காட்டினார். அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. குடும்ப நிலத்தில் வேலை பார்த்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்கு ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும், மாடு பூட்டாமல் வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கோவையில் ஓட்டல் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். பாகம் பாகமாகக் கழற்றி மறுபடியும் மாட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது.

1920-ல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது.

நம் கிணற்று மோட்டாருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, நம் நாட்டிலேயே மின்மோட்டார் தயாரிக்க வழி செய்தார். கோவை பிற்காலத்தில் மோட்டார், பம்ப்செட் தொழிலுக்குப் பெயர் பெற்றதில் அந்த முயற்சிக்கும் பங்கு உண்டு.

பேட்டரியில் ஓடும் முகச்சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் எனப் பலவற்றை உருவாக்கினார். தோட்டத்தையும் விடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் சோதனைகள் செய்து, ஆள் உயரத்தைத் தாண்டிய பருத்திச் செடிகளை வளர்த்தார்.

எல்லாம் கைகூடவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரைச் சுமார் 2,000 ரூபாய் விலையில் தர முடியும் என்று செய்து காட்டினார். தயாரிக்க அரசு அனுமதி கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1974 ஜனவரி 4-ல் அவர் காலமானார்.

அவர் வழியில் நாம் செய்யக்கூடியவை:

1. பழுதான தெளிப்பான், பம்ப் ஆகியவற்றை எடைக்குப் போடும் முன் பிரித்துப் பாருங்கள். கழற்றும் ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டுவது எளிது. மின்சாரம் ஓடும் கருவி என்றால் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். மின்வேலை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தொழிற்சாலைப் பக்கம் பழைய விலைக்குக் கிடைக்கும் மரச்சட்டங்களை விதை, உர மூட்டைகளுக்கு அடியில் போடுங்கள். தரை ஈரம் மூட்டையில் ஏறாது.

3. ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர், தீவனம், விதை வைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

4. புது யோசனையை முதலில் வயலின் ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள். தேதி, செலவு, பலன் மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். பலன் தெரிந்த பிறகு முழு வயலுக்கும் போகலாம்.